கசியும் சிறுநீரகம், உறையும் ரத்தம்

நாட்பட்ட சிறுநீரக அழற்சி உள்ளவரின் ரத்தத்துக்கு இரட்டைக் குணம் உண்டு. நோயின் ஒரு கட்டத்தில் அது வேண்டாத இடத்தில் உறைந்து நாளத்தை அடைத்துக்கொள்கிறது. இன்னொரு கட்டத்தில் உறைய வேண்டிய இடத்தில் உறையாமல் கசிகிறது. சிலரிடம் ஒரே மாதத்தில் இரண்டும் நடப்பதுண்டு. உறைதலைத் தடுக்கும் மருந்தை இவர்களுக்குக் கொடுக்கலாமா, எந்த மருந்தை, எவ்வளவு நாள், எப்போது நிறுத்துவது என்ற கேள்விகள் எல்லாம் இந்த இரட்டைக் குணத்திலிருந்தே கிளம்புகின்றன.

சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 லட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. ஒவ்வொரு நெஃப்ரானின் தலைமாட்டிலும் நூல்பந்துபோல் சுருண்டு கிடக்கும் நுண்நாளக் கொத்துக்குக் கிளாமருலஸ் என்று பெயர். ஒரு நாளைக்கு 180 லிட்டர் நீர் இந்தக் கொத்துகள் வழியே வடிகிறது. அதில் ஒன்றரை லிட்டர்போலச் சிறுநீராக வெளியேற, மீதி முழுவதும் ரத்தத்துக்கே திரும்புகிறது. வடிகட்டும் சவ்வு, தண்ணீரையும் உப்பையும் விடும், புரதத்தை விடாது. உடலின் எதிர்ப்பாற்றல் தடம் மாறி இந்தச் சவ்வின்மேலேயே பாயும்போது ஏற்படுவதுதான் கிளாமருலஸ் அழற்சி. தொண்டைப்புண், சிரங்கு ஆகியவற்றை அடுத்துச் சிறுவர்களுக்கு வருவது பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும். ஐஜிஏ நெஃப்ரோபதி, மெம்ப்ரேனஸ் நெஃப்ரோபதி, லூபஸ் நோயை ஒட்டி வரும் அழற்சி ஆகியவை ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்.

அழற்சியை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் உடம்பின் வீக்கம்தான். காலையில் எழுந்ததும் கண் ரப்பை அதைத்திருக்கும். மாலையில் கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்து மெல்ல மேலெழும். மெட்டி இறுகுவதைப் பார்த்துவிட்டு மருத்துவரிடம் வரும் பெண்கள் உண்டு. நாள் முழுதும் சேற்றில் குனிந்து நடவு நட்டவர்களுக்குக் கால் வீங்குவது புதிதல்ல என்பதால், காவிரி டெல்டாவில் இந்த வீக்கம் சில மாதங்கள் வரை கவனிக்கப்படாமலே போகிறது. சிறுநீர் நுரைத்துக்கொண்டு இறங்குவது அடுத்த அடையாளம். பழைய முறைப்படி, சோதனைக் குழாயில் சிறுநீரை எடுத்து மேற்பகுதியை மட்டும் சூடுபடுத்தி, நாலைந்து சொட்டு அசிட்டிக் அமிலம் விட்டால் போதும்: புரதம் இருந்தால் முட்டையின் வெள்ளைக்கரு வெந்ததுபோல் வெண்மையாகத் திரளும், குழாயின் அடிப்பாதி தெளிவாகவே இருக்கும். ஒரு நாளில் 3.5 கிராமுக்கு மேல் புரதம் வெளியேறி, ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் சரிந்து, உடம்பு வீங்கி, கொழுப்பும் ஏறியிருந்தால் அந்த நிலைக்கு நெஃப்ராடிக் கூட்டறிகுறி என்று பெயர். ரத்தம் உறையும் தொல்லை பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்குகிறது.

அதை விளங்கிக்கொள்ள, உறைதல் எப்படி நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். உறைவுக் காரணிகளுக்கு ரோமன் எண்களால் பெயரிட்டிருக்கிறார்கள். எண்கள் 13 வரை ஓடினாலும் காரணிகள் 12தான். 6 என்ற இடம் காலியாக இருக்கிறது. ஒருகாலத்தில் தனிக் காரணி என்று எண்ணியது வேறொன்றின் மாற்று வடிவம் எனத் தெரிந்ததும் அந்த எண் கைவிடப்பட்டது. 1-ஆம் காரணி ஃபைப்ரினோஜன், 2-ஆம் காரணி புரோத்ராம்பின், 4-ஆம் காரணி நமக்குப் பழக்கமான கால்சியம். பெரும்பாலானவை ரத்தத்தில் உறங்கிக் கிடக்கும். நாளச்சுவர் கிழிந்தால் ஒன்று விழித்து அடுத்ததை எழுப்பும். அது அதற்கடுத்ததை எழுப்பும். கடைசியில் த்ராம்பின் உருவாகி, கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜனை நார்நாராகத் திரிக்கும். அந்த நார் வலையில் ரத்த அணுக்கள் சிக்கிக்கொள்வதே ரத்தக்கட்டி. இந்தச் சங்கிலியை ஆங்கிலேயரான மக்ஃபர்லேன் ஒருபுறமும் அமெரிக்கர்களான டேவி, ராட்னாஃப் இருவர் மறுபுறமும் 1964-இல் அருவிக்கு ஒப்பிட்டு விளக்கினார்கள். ஆற்றுப் பாசனத்தில் பழகியவர்களுக்கு இந்த உவமை சற்றுத் தலைகீழாகத் தோன்றும். கல்லணையில் திறக்கும் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று பிரிந்து கடைமடைக்குப் போகப் போகக் குறையும். இந்த அருவியில் கீழே போகப் போகப் பெருகும். மேலே விழித்தெழும் ஒருசில மூலக்கூறுகள் அடியில் லட்சக்கணக்கான ஃபைப்ரின் இழைகளாகிவிடும்.

இத்தனை வேகமாகப் பெருகும் ஒன்றுக்கு மதகு வேண்டும். த்ராம்பினையும் 10-ஆம் காரணியையும் பிடித்து முடக்கும் ஆன்டித்ராம்பின், 5, 8-ஆம் காரணிகளைச் சிதைக்கும் புரதம் சி, அதற்குத் துணைநிற்கும் புரதம் எஸ் ஆகியவை மதகுகள். உருவான கட்டியைக் கரைக்கும் வேலை பிளாஸ்மினோஜனுடையது. உடல்நலத்தோடு இருப்பவரிடம் இந்த இரு தரப்பும் சமநிலையில் இருக்கின்றன.

அழற்சியுற்ற சவ்வு இந்தச் சமநிலையைக் குலைப்பது மூலக்கூறுகளின் பருமனால். ஆல்புமினின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 66,000. ஆன்டித்ராம்பினின் எடை 58,000. ஆல்புமின் நழுவும் ஓட்டை வழியே ஆன்டித்ராம்பினும் நழுவிவிடும். ஃபைப்ரினோஜனின் எடையோ 3,40,000. அது ஓட்டையில் நுழையாமல் ரத்தத்திலேயே தங்கிவிடும். அதாவது, தடுப்பவை சிறுநீரில் போகின்றன. உறையவைப்பவை உள்ளே இருக்கின்றன. கல்லீரல் வேறு தன் பங்குக்குச் சேர்க்கிறது. ஆல்புமின் குறைவதைக் கண்டு அது புரத உற்பத்தியை முடுக்கிவிட, ஆல்புமினோடு சேர்ந்து ஃபைப்ரினோஜனும் 5, 8-ஆம் காரணிகளும் கூடுதலாக உற்பத்தியாகின்றன. 9, 11, 12-ஆம் காரணிகளில் ஒரு பகுதி சிறுநீரில் வெளியேறுவது உண்மைதான். ஆனால் அந்த இழப்பால் ரத்தப்போக்கு வருவது அரிது. தராசு உறைதல் பக்கமே சாய்ந்துவிடுகிறது. வீக்கம் வடியக் கொடுக்கும் நீர்ப்போக்கு மாத்திரை அளவு மிஞ்சினால் ரத்தம் கெட்டியாகி நிலைமை இன்னும் மோசமாகும். இந்த நோயாளிக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

கட்டி எங்கும் விழலாம். காலின் ஆழ்நாளம், நுரையீரல், சிறுவர்களிடம் சில வேளை மூளையின் சிரைகள். இந்த நோய்க்கே உரியது என்று சொல்லத்தக்கது சிறுநீரகச் சிரையில் விழும் கட்டி. திடீரென விழுந்தால் விலாவின் பின்பக்கம் கடும் வலி எடுக்கும். சிறுநீர் ரத்தமாகப் போகும். பல நேரங்களில் ஓசைப்படாமல் விழுந்து, அதிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்து நுரையீரலுக்குப் போன பிறகே தெரியவரும். ஒருகாலத்தில் சிரையில் கட்டி விழுந்ததால்தான் புரதம் கசிகிறது என்று மருத்துவர்கள் நம்பினார்கள். உண்மை நேரெதிர். புரதம் கசிவதால்தான் கட்டி விழுகிறது.

அழற்சி வகைகளில் இந்த ஆபத்து மிகுதியாக இருப்பது மெம்ப்ரேனஸ் நெஃப்ரோபதியில். பெரும்பாலோரிடம் இதற்குக் காரணம் சவ்வைத் தாங்கும் செல்களிலுள்ள ஒரு புரதத்தின்மீது உடல் உண்டாக்கிக்கொள்ளும் எதிர்ப்பொருள். பிஎல்ஏ2ஆர் என்ற அந்தப் புரதம் 2009-இல் அடையாளம் காணப்பட்டது. தமிழ்நாட்டுக்கு நெருக்கமானது இன்னொரு வகை. சென்னையிலுள்ள ஒரு சிறுநீரகத் திசு ஆய்வகத்தின் மருத்துவர்கள் 2022-இல் வெளியிட்ட கட்டுரையில், நெல்-1 என்ற புரதத்தை ஒட்டி வரும் மெம்ப்ரேனஸ் நெஃப்ரோபதி உள்ளவர்களில் பலர் மரபு மருந்துகள் சாப்பிட்டு வந்தவர்கள் என்றும், அந்த மருந்துகளில் பாதரசம் இருந்தது என்றும் காட்டினார்கள். (பெயர்ப் பொருத்தம்தானே தவிர, வயலில் விளையும் நெல்லுக்கும் இந்த நெல்லுக்கும் சம்பந்தமில்லை.) அடுத்த ஆண்டு கேரளத்தின் மலப்புரம் பகுதியில் முகம் வெளுக்கப் பூசும் களிம்புகளால் இதே நோய் வந்தது கண்டறியப்பட்டது, அங்கும் குற்றவாளி பாதரசமே. மருந்தையோ களிம்பையோ நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் புரதக் கசிவு அடங்கிவிடுகிறது. புரதம் இறங்கும் நோயாளியிடம் வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பதோடு நிறுத்தாமல், முகத்துக்கு என்ன பூசுகிறீர்கள் என்றும் கேட்க வேண்டியிருப்பது இதனால்தான்.

கட்டி விழுந்தவருக்கு மருந்து கட்டாயம். விழாதவருக்கு முன்கூட்டியே கொடுக்கலாமா என்பதில்தான் மருத்துவர்களின் நிதானம் சோதிக்கப்படுகிறது. அளவுகோல் ஆல்புமின். நலமானவரின் 100 மில்லி ரத்தத்தில் அது 3.5 கிராமுக்குக் குறையாது. 2.5 கிராமுக்குக் கீழே போனால் ஆபத்து ஏறுகிறது. மெம்ப்ரேனஸ் வகையில் 2.8-லிருந்தே ஏறத் தொடங்குகிறது. உலகளாவிய சிறுநீரக வழிகாட்டி நெறிகள் 2 முதல் 2.5 வரையிலான எல்லையை வைத்து, அதோடு மிகுந்த உடல் பருமன், இதயச் செயலிழப்பு, அண்மையில் நடந்த அறுவை, படுத்த படுக்கை ஆகியவற்றில் ஒன்றும் சேர்ந்திருந்தால் தடுப்பு மருந்தை எண்ணிப் பார்க்கச் சொல்கின்றன. ரத்தப்போக்கு நேரும் வாய்ப்பையும் மறுதட்டில் வைத்து நிறுக்கச் சொல்கின்றன. இதில் ஒரு பொடி சங்கதி உண்டு. ஆல்புமினை ஆய்வகங்கள் புரோமோகிரெசால் பச்சை, புரோமோகிரெசால் ஊதா என்ற இரண்டு சாயங்களில் ஏதேனும் ஒன்றால் அளக்கின்றன. பச்சைச் சாயத்தில் 2.5 என்று வரும் ரத்தம் ஊதாவில் 2 என்று வரும். எந்தச் சாயம் என்று தெரியாமல் அறிக்கையின் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுப்பது, மரக்காலா படியா என்று கேட்காமல் நெல் அளப்பதற்குச் சமம்.

மருந்தைத் தொடங்கும் நேரமும் சிக்கலானது. எந்த வகை அழற்சி என்று அறியச் சிறுநீரகத்தில் ஊசி செலுத்தித் துணுக்கு எடுக்க வேண்டியிருக்கும். உறைதலைத் தடுத்துவிட்டு அங்கே ஊசி குத்த முடியாது. ஆகவே துணுக்கு எடுத்து ரத்தக்கசிவு இல்லை என்று உறுதியான பிறகே மருந்து. அவசரமானால் எளிதில் நிறுத்தக்கூடிய ஹெப்பாரின் ஊசி.

உறைதலைத் தடுத்தால் அழற்சியே அடங்கிவிடும் என்ற நம்பிக்கையும் ஒருகாலத்தில் வலுவாக இருந்தது. அதற்கு நியாயமும் இருந்தது. கடுமையான அழற்சியில் கிளாமருலஸின் நாளம் கிழிந்து ஃபைப்ரின் வெளியே கசிகிறது. அதைச் சுற்றிச் செல்கள் பெருகிப் பிறை வடிவில் அடைத்துக்கொள்கின்றன. அந்தப் பிறை நாளடைவில் தழும்பாகிக் கிளாமருலஸைக் கொன்றுவிடுகிறது. 1964-இல் வசல்லி, மெக்லஸ்கி இருவரும் அழற்சி உண்டாக்கப்பட்ட முயல்களுக்கு உறைதலைத் தடுக்கும் வார்ஃபரின் கொடுத்துப் பார்த்தபோது பிறைகள் குறைந்தன. மெல்போர்னில் சிறுநீரக மருத்துவர் பிரிசில்லா கின்கெய்ட்-ஸ்மித் வார்ஃபரினையும், ரத்தத் தட்டணுக்கள் ஒட்டுவதைத் தடுக்கும் டைபிரிடமோலையும் நோயாளிகளுக்கு ஆண்டுக்கணக்கில் கொடுத்து நல்ல பலன் கண்டதாக எழுதினார். ஜப்பானில் ஐஜிஏ நெஃப்ரோபதி உள்ள சிறுவர்களுக்கு ஸ்டீராய்டோடு இந்த மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்தார்கள். கலவையில் நான்கைந்து மருந்து இருந்தால் பலன் எதனால் வந்தது என்று எப்படிப் பிரிப்பது? தனித்துச் சோதித்தபோது உறைதல் தடுப்பு மருந்துகளின் பங்கு நிலைக்கவில்லை. முயலிடம் பலித்தது மனிதரிடம் பலிக்கவில்லை. இன்றைய நிலையில் இவை அழற்சிக்கு மருந்தல்ல. அழற்சி அடங்கும்வரை கட்டி விழாமல் காக்கும் காவல். இந்த வேறுபாடு தெளிவாக இருந்தால் எப்போது நிறுத்துவது என்பதும் தெளிவாகிவிடும். கட்டி விழுந்தவருக்குக் குறைந்தது 6 மாதம். அதற்குப் பிறகும் புரதம் இறங்கிக்கொண்டிருந்தால் அது அடங்கும்வரை.

ஹெப்பாரினின் கதை, 1916-இல் பால்டிமோரில் ஜே மக்லீன் என்ற மருத்துவ மாணவர் நாயின் கல்லீரலிலிருந்து எடுத்தறிந்த பொருளிலிருந்து தொடங்குகிறது. கல்லீரலுக்கான கிரேக்கச் சொல்லே அதன் பெயராயிற்று. இன்று வருவது பன்றிக் குடலிலிருந்து. ஹெப்பாரினுக்குத் தனக்கென உறைதலைத் தடுக்கும் திறன் கிடையாது. ஆன்டித்ராம்பினோடு சேர்ந்து அதன் வேகத்தைப் பலநூறு மடங்காக்குவதே அதன் வேலை. ஆன்டித்ராம்பினைச் சிறுநீரில் இழந்த நோயாளிக்கு வழக்கமான அளவு ஹெப்பாரின் சில வேளை போதாமல் போவது இதனால்தான். எனாக்ஸபாரின் போன்ற சிறுமூலக்கூறு ஹெப்பாரின்கள் தோலடி ஊசியாக வசதியானவை. ஆனால் அவை வெளியேறுவது சிறுநீரகம் வழியாக என்பதால், சிறுநீரகம் தளர்ந்தவரிடம் தேங்கி ரத்தப்போக்கை உண்டாக்கும். அளவைக் குறைக்க வேண்டும் அல்லது பழைய ஹெப்பாரினுக்கே திரும்ப வேண்டும்.

வார்ஃபரினின் வரலாறு நெல் விளையும் நாட்டாருக்கு அந்நியமாகத் தோன்றாது. 1920-களில் வட அமெரிக்காவில் மாடுகள் கொம்பு தீய்த்தாலும் காயம் பட்டாலும் ரத்தம் நிற்காமல் செத்துக்கொண்டிருந்தன. ஈரத்தில் பூசணம் பிடித்த இனிப்பு மணப்புல் தீவனமே காரணம் என்று ஃபிராங்க் ஸ்கோஃபீல்டு என்ற கால்நடை மருத்துவர் கண்டுபிடித்தார். மழையில் நனைந்த வைக்கோல்போரைப் பிரித்து மாட்டுக்குப் போட யோசிப்பவருக்கு இது புரியும். 1933-இல் விஸ்கான்சினில் ஒரு விவசாயி, உறையாத ரத்தத்தைப் பால்கேனில் பிடித்துக்கொண்டு கார்ல் லிங்க் என்ற வேதியியலாளரின் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். அந்த வழியில் டைகூமரால் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் இனத்தில் வந்த வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாகக் கடைக்கு வந்தது. மனிதருக்கான மருந்தாக 1954-இல் அனுமதிக்கப்பட்டது. காவிரிப் படுகையில் வயல் எலிக்கு மூங்கிலில் வில்போல் கட்டும் தஞ்சாவூர் கிட்டி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. கிட்டி வைக்க ஆள் கிடைக்காத இடங்களில் வைக்கும் புரோமாடியோலோன் வில்லை வார்ஃபரினின் பேரப்பிள்ளைதான். எலி உள்ளுக்குள் ரத்தம் கசிந்து சில நாள் கழித்துச் சாவதும், மாத்திரை தொடங்கிய நோயாளிக்கு முழுப்பலன் வர நாலைந்து நாள் ஆவதும் ஒரே காரணத்தால். புதிய காரணிகள் உருவாவதைத்தான் இந்த மருந்து தடுக்கும். ஏற்கெனவே சுற்றிவரும் காரணிகள் தீரும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை ஹெப்பாரின் துணைக்கு இருக்கும்.

வார்ஃபரினும், தமிழ்நாட்டில் பலரும் சாப்பிடும் அதன் உறவான அசினோகூமராலும் வைட்டமின் கே-யை முடக்கி வேலை செய்பவை. 2, 7, 9, 10-ஆம் காரணிகள் உருவாக அந்த வைட்டமின் தேவை. நோயாளிகள் இதை ‘ரத்தம் நீர்க்கிற மாத்திரை’ என்கிறார்கள். ரத்தம் நீர்ப்பதில்லை, உறையும் நேரம்தான் நீள்கிறது. அதை அளக்கும் எண் ஐஎன்ஆர். சாதாரணமாக 1, சிகிச்சையில் 2-லிருந்து 3-க்குள் நிற்க வேண்டும். நெஃப்ராடிக் நோயாளியிடம் இந்த எண் அலைபாயும், ஏனென்றால் வார்ஃபரின் ஆல்புமினில் ஒட்டிக்கொண்டு பயணிக்கும் மருந்து. ஆல்புமின் குறைந்தால் ஒட்டாமல் திரியும் மருந்தின் பங்கு கூடிவிடும். சாப்பாடும் எண்ணை அசைக்கும். முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, அரைக்கீரை எல்லாவற்றிலும் வைட்டமின் கே நிறைய. கீரையை அடியோடு விடச் சொல்வது தேவையற்ற கெடுபிடி. வாரத்துக்கு இரண்டு நாள் என்றால் எல்லா வாரமும் இரண்டு நாள் என்று சீராக இருந்தால் மருந்தின் அளவை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம். மாதம் முழுதும் தொடாமலிருந்து துவாதசியன்று மட்டும் அகத்திக்கீரையை வழித்துச் சாப்பிடுவதுதான் தொல்லை. பொட்டாசியம் ஏறிய சிறுநீரக நோயாளிக்குக் கீரை வேறு காரணத்துக்காகக் குறைக்கப்படும். அது தனிக் கணக்கு.

கீரையைவிடப் பெரிய ஆபத்து மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் உடம்புவலி மாத்திரை. நடவு, அறுப்பு நாட்களில் இடுப்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொள்வது டெல்டாவில் அன்றாடம். அது இரைப்பையைப் புண்ணாக்கும், உறைதலுக்கு உதவும் தட்டணுக்களைத் தளர்த்தும், அழற்சியுற்ற சிறுநீரகத்துக்குள் ரத்த ஓட்டத்தையும் குறைக்கும். வார்ஃபரினோடு சேர்ந்தால் இரைப்பையில் ரத்தம் கசிந்து மலம் கருப்பாகப் போகத் தொடங்கலாம். மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல் ஆகியவையும் ஐஎன்ஆரை ஏற்றிவிடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இறக்கிவிடும்.

அபிக்ஸபான், ரிவராக்ஸபான், டபிகட்ரான் போன்ற புதிய மாத்திரைகளுக்கு ஐஎன்ஆர் பார்க்க வேண்டியதில்லை என்பது பெரிய வசதி. டபிகட்ரானில் 80 விழுக்காடு சிறுநீரகம் வழியே வெளியேறுவதால் இங்கே அது பொருந்தாது. அபிக்ஸபானில் அந்தப் பங்கு 27 விழுக்காடுதான். ஆனால் அபிக்ஸபானும் ரிவராக்ஸபானும் ஆல்புமினில் மிகுதியாக ஒட்டுபவை. பெருமளவு புரதம் இறங்கும் நோயாளிகள் இவற்றின் பெரிய ஆய்வுகளில் பெரும்பாலும் இடம்பெறவில்லை. ஆகவே இவர்களுக்கு வார்ஃபரினின் இடம் இன்னும் காலியாகவில்லை.

உறைதலும் சிறுநீரகமும் ஒன்றையொன்று எவ்வளவு நெருக்கமாகத் தொடுகின்றன என்பதைக் காட்ட, வரப்பில் சுருண்டு கிடக்கும் ஓர் உயிர் போதும். கண்ணாடி விரியனின் நஞ்சு 10-ஆம் காரணியையும் 5-ஆம் காரணியையும் நேரடியாக எழுப்பிவிடும். உடம்பெங்கும் ஒரே நேரத்தில் உறைதல் தொடங்கி, ஃபைப்ரினோஜன் முழுதும் செலவாகி, பிறகு உறைய எதுவும் மிஞ்சாமல் ஈறிலும் காயத்திலும் ரத்தம் கசியும். சிறுநீரகமும் படுத்துவிடும், பிழைத்தவர்களில் ஒரு பகுதியினர் நாட்பட்ட சிறுநீரக நோயாளிகளாகிவிடுகிறார்கள். இதைக் கண்டறிய எந்த இயந்திரமும் வேண்டாம். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும், ரத்தம் ஓடினால் நஞ்சு ஏறியிருக்கிறது. பிளாஸ்டிக் குழாய் உதவாது. சோப்பால் கழுவிய குழாயும் பொய் சொல்லும். உறைதலால் வந்த கேடுதானே, ஹெப்பாரின் கொடுத்தால் என்ன என்று முயன்றவர்கள் உண்டு, பலனில்லை. மருந்து நஞ்சு முறிவு ஊசி ஒன்றே. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது.

சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றி 1796-இல் நூல் எழுதிய பாட்ரிக் ரஸ்ஸலின் பெயரைத்தான் இந்த விரியன் ஆங்கிலத்தில் தாங்கியிருக்கிறது. 1964-இல் அருவி உவமையைத் தந்த அதே மக்ஃபர்லேன், 1934-இல் இதன் நஞ்சை நீர்க்கவைத்து ஹீமோஃபிலியா நோயாளிகளின் ரத்தப்போக்கை நிறுத்தப் பயன்படுத்தியவர். 1986-இல் பெருமாள் தியாகராஜனும் உடன் ஆய்வாளர்களும் அதே நீர்த்த நஞ்சைக் கொண்டு லூபஸ் நோயாளிகளின் ரத்தத்தில் உறைதலைத் தூண்டும் எதிர்ப்பொருள் உள்ளதா என்று அறியும் சோதனையை வெளியிட்டார்கள். சிறுநீரக அழற்சியோடு வரும் லூபஸ் நோயாளிக்கு, பெரும்பாலும் இளம்பெண்ணுக்கு, உறைதல் தடுப்பு மருந்து நீண்டகாலம் வேண்டுமா என்பதை முடிவுசெய்ய உதவும் சோதனைகளில் அது ஒன்று.

அழற்சி முற்றிச் சிறுநீரகம் செயலிழக்கும்போது தராசு மறுபக்கம் சாய்கிறது. யூரியாவும் மற்றக் கழிவுகளும் தேங்கத் தட்டணுக்கள் ஒட்டும் திறனை இழக்கின்றன. எண்ணிக்கை சரியாகவே இருக்கும். உறைவுச் சோதனைகளும் சரியாகவே வரும். ஆனால் பல் பிடுங்கினால் ரத்தம் நிற்காது. ரத்தசோகைக்கும் இதில் பங்குண்டு. சிவப்பணுக்கள் நிறைய இருந்தால் அவை தட்டணுக்களை நாளச்சுவரை நோக்கித் தள்ளும். குறைந்தால் தட்டணுக்கள் நடுவிலேயே ஓடிவிடும். ஆகவே சோகையைச் சரிசெய்வதும் ரத்தப்போக்குக்கு ஒரு சிகிச்சை. இந்தக் கட்டத்தில் வார்ஃபரினைத் தொடர்வதற்கு மிக வலுவான காரணம் இருக்க வேண்டும். அது நாளச்சுவரில் சுண்ணாம்பு படிவதையும் கூட்டுகிறது.

இவரையே டயாலிசிஸில் இணைத்தால், இயந்திரத்தின் குழாயிலும் வடிகட்டியிலும் ரத்தம் உறைந்துவிடும் என்பதால் ஹெப்பாரின் கொடுத்தாக வேண்டும். தட்டணு தளர்ந்தவருக்கு வாரம் இரண்டு மூன்று முறை ஹெப்பாரின். அறுவையோ ரத்தக்கசிவோ இருக்கும் நாளில் ஹெப்பாரின் இல்லாமலே, குழாயை அடிக்கடி உப்புநீரால் அலசி ஒப்பேற்றுவார்கள். வயிற்றுச் சவ்வு வழியே வீட்டிலேயே செய்யும் டயாலிசிஸில் ரத்தம் உடம்பைவிட்டு வெளியே வருவதில்லை. ஹெப்பாரினும் ரத்தத்தில் ஏற்ற வேண்டியதில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான திரவப் பைகள் வீட்டுக்கே கொண்டுவந்து தரப்படுகின்றன.

இயந்திர டயாலிசிஸ் முடிந்து, கையில் தமனியையும் சிரையையும் இணைத்து அமைத்த ஃபிஸ்டுலாவிலிருந்து ஊசியை எடுத்ததும் அந்த இடத்தைப் பஞ்சு வைத்துப் பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். பெரும்பாலும் அதற்குள் நின்றுவிடும். அரைமணி ஆகியும் கசிந்தால், ஹெப்பாரின் மிகுந்திருக்கலாம். அல்லது ஃபிஸ்டுலாவின் மேற்பகுதி குறுகி, கட்டி விழும் நிலைக்கு வந்துகொண்டிருக்கலாம். இரண்டில் எது என்பதை அடுத்த முறை ஊசி குத்துவதற்கு முன் பார்த்தாக வேண்டும். கசிவு நீண்டதை நோயாளி செவிலியரிடம் தவறாமல் சொல்ல வேண்டும்.